சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு

நாங்கள் இருவரும் பார்க்காத ஊரே இல்லை என்று பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டெல்லி, கல்கத்தா, பம்பாய், நாக்பூர், அப்புறம் அமெரிக்கா. இத்தனை ஊருக்கும் போனது உண்மை. பார்த்தோமா என்று கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

என் கணவர் பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணியில் எந்த அணைக்கட்டில் எந்த மதகு ஒழுகும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அங்கன நமக்கு யாரு இருக்கா?" ரயில் எப்போது, குளிர் எப்படி, அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். யாராவது ஒருத்தர் இருந்துவிட்டால் போதும், டிக்கெட் போட்டுவிடுவார். லாட்ஜில் தங்குவது என்பது அவர் கணக்கில் நாதியற்றவர்கள் செய்கிற காரியம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாருமே இல்லாத ஊர் என்று ஒன்று இருக்கவும் இருக்காது. ஏரலில் இருந்து போன ஒருவர் நாக்பூரில் அரிசிக் கடை வைத்திருப்பார். சீவலப்பேரியில் பெண் எடுத்தவர் டெல்லியில் ஏதாவது அலுவலகத்தில் இருப்பார். ஒரு வீட்டுக்குப் போனால் போன செய்தி அடுத்த வீட்டுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்புறம் அங்கேயும் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள், "எங்க வீட்டு வாசல மிதிக்காம போயிட்டியளே" என்று. அதையும் எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்பார்கள்.

இப்படித்தான் டெல்லியில் ஒரு வாரம் இருந்தும் தாஜ்மகாலைப் பார்க்காமல் திரும்பினோம். ஆக்ராவுக்குக் கிளம்புவதாக இருந்த காலையில் தங்கியிருந்த வீட்டு மதினியின் தங்கை வந்து நின்றாள். நாங்கள் வந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு, கூட்டிப் போக வந்திருந்தாள். "ஆக்ரா எங்க ஓடிப் போயிரப் போகுது? அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்றார்கள். நான் டெல்லியில் பார்த்தது நாலு வீட்டுச் சோபாவும் மூன்று கல்யாண ஆல்பமும். கல்கத்தாவில் இன்னும் மோசம். ஹூக்ளி ஆற்றுப் பாலத்தை டாக்சியின் பின் கண்ணாடி வழியாக, திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். மடியில் அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த பலகாரச் சட்டி இருந்ததால் முழுதாகத் திரும்பவும் முடியவில்லை.

அமெரிக்காவுக்குப் போனது மகளின் பிரசவத்துக்கு. அதை நான் பயணக் கணக்கில் சேர்க்கவில்லை. பூண்டு, சுக்கு, சாத்தான்குளத்துக் கருப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு போய் மகளுக்கு மருந்து கிண்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பனி விழுவதைப் பார்த்தேன். துணி துவைக்கிற இயந்திரத்தின் எல்லாப் பொத்தானும் எனக்குத் தெரியும். மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அருவி ஒன்றைக் காட்டுகிறேன் என்று காரில் ஏற்றினார். பாதி வழியில் பிள்ளை கக்கிவிட்டது, திரும்பிவிட்டோம். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் எங்கள் மேல் பிரியமாக இருந்தார்கள். அந்தப் பிரியம்தான் எங்களை எந்த ஊரையும் பார்க்க விடவில்லை.

எனக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வலித்ததற்குக் காரணம் உண்டு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள். வாழ்நாள் முழுக்கப் பார்க்காத பாலைவனத்தையும் பார்க்காத பனியாற்றையும் பாடம் நடத்தினேன். அதிலும் எரிமலை என்றால் எனக்குத் தனி உற்சாகம். கரும்பலகையில் குறுக்குவெட்டாக வரைந்து, அடியில் சிவப்புச் சாக்பீசால் குழம்பைத் தீட்டி, நடுவில் குழாய் வைத்து, உச்சியில் புகை விடுவேன். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. "இல்ல. ஆனா பாப்பேன்" என்றேன். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த பிறகும் அந்தப் "பாப்பேன்" வாயிலேயே இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் முழங்காலில் முட்டு வலி வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது, வலது கால் முட்டை உடனே மாற்ற வேண்டும் என்றார். மாற்றினால் மலை ஏறலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்குள்ள நல்லா நடக்கலாம். கோயிலுக்குப் போகலாம். மலையெல்லாம் எதுக்கும்மா?" என்றார். சரி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த முட்டு இருக்கும்போதே ஓர் எரிமலையின் விளிம்பில் போய் நின்று உள்ளே பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

எந்த எரிமலை என்று தேடுவது எனக்குக் கஷ்டமில்லை. ஜாவாவில் புரோமோ என்று ஒன்று இருக்கிறது. எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும், உச்சி வரைக்கும் படி கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காப்பியை வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அங்கன நமக்கு யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. அதான் போறோம்."

காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "சாப்பாட்டுக்கு?" என்றார்.

"பசிச்சா சாப்பிடுவோம்."

மகள் வீடியோவில் வந்து சத்தம் போட்டாள். முட்டு வலியை வைத்துக்கொண்டு என்ன வீம்பு என்றாள். "வீம்புதான்" என்றேன். என் ஓய்வூதியத்தில் டிக்கெட் போட்டேன், மலைக்குப் பக்கத்தில் விடுதி போட்டேன், விமான நிலையத்துக்கு வர ஒரு வாடகைக் காரும் ஏற்பாடு செய்தேன். யார் வீட்டுக்கும் போக மாட்டோம் என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

பயிற்சிக்கு ரயில் ஜங்ஷன் பக்கத்து ஈரடுக்கு மேம்பாலம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஏறி இறங்குவேன். பிறகு ஆற்றுப் படித்துறையில் இறங்கி ஏறுவேன். இடது காலை வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்து, மறுபடி இடது கால். குளிக்க வந்தவர்கள் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் நிற்பார். "என்ன அண்ணாச்சி, மதினிய ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பப் போறியளோ?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, நீயும் வாரியா வே?" என்று இவர் திருப்பிக் கேட்டார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

இரண்டு விமானம் மாறி ஜாவாவில் சுரபயா என்கிற ஊரில் போய் இறங்கினோம். வெளியே வந்தால் எங்கள் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்தபடி டிரைவர் நிற்கிறார். அவருக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரியும். நான் கையைக் காட்டி நடக்கத் தொடங்குவதற்குள் பக்கத்தில் இருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி! வாங்க, வாங்க! மதினி, பிரயாணம் எல்லாம் சௌரியமா?"

நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து பெட்டியின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். இவரோடு வேலை பார்த்த சாத்தான்குளத்துக்காரருக்கு அக்காள் மகன் ஒருவர் சுரபயாவில் நூற்பாலை ஒன்றில் மேலாளர். இவர் எனக்குத் தெரியாமல் ஆளைத் தேடிப் பிடித்து, நாங்கள் வருகிற நாளையும் நேரத்தையும் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் அல்வாவும் கருப்பட்டியும் எனக்குத் தெரியாமல் ஏறியிருக்கின்றன. "எதுக்கும் ஒரு வார்த்த சொல்லி வச்சேன். அவரு வருவாருன்னு நான் என்னத்த கண்டேன்" என்றார். அவர் வராமல் இருந்திருந்தால் இவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

சாத்தான்குளத்துத் தம்பி நேராக எங்கள் டிரைவரிடம் போய் அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னார். டிரைவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். மூன்று நாள் கழித்து வந்தால் போதும் என்று தம்பி சொல்லியிருக்கிறார். நான் காருக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டேன். "வண்டி பின்னாலயே வரட்டும் தம்பி. வாசல்ல நிக்கட்டும்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் மதினி சொல்லைத் தட்டவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே தேங்காய்ப்பால் வாசனை. சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது. தம்பியின் மனைவி விடியற்காலையில் எழுந்து தேங்காய் துருவியிருக்கிறாள். இஞ்சித் துவையல் அரைத்திருக்கிறாள். எங்கிருந்தோ வாழையிலையும் வாங்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சாப்பாடு ஆகிவிடும் என்றாள். தம்பி எங்களை உட்கார வைத்துத் திட்டத்தைச் சொன்னார். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். சாயங்காலம் அவர் கொழுந்தியா வீடு, அதே ஊரில்தான், அங்கேயும் சமையல் நடக்கிறது. நாளைக்கு ஒரு பெரிய கடைத்தெரு, அப்புறம் கோயில். அதற்கு அடுத்த நாள் உடம்புக்கு முடிந்தால் மலை. "மலையில என்ன மதினி இருக்கு, ஒரே தூசி. இந்த வயசுல எதுக்கு? வீடியோல அருமையா இருக்கும், நான் காட்டுதேன்" என்றார். என் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு சொந்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி கால் நீட்டிக்கொண்டார்.

அப்போது டிரைவர் வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டார். மலையில் இருக்கிற அவர் ஆள் போன் செய்திருக்கிறான். இரண்டு நாளாகப் புகை கூடியிருக்கிறது. நாளைக் காலை வரை ஏற விடுவார்கள், அதற்குப் பிறகு பாதையை அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அடைத்தால் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேலே போகும் ரோட்டில் இருட்டிவிட்டால் மூடுபனி, ஓட்ட முடியாது. போவதாக இருந்தால் இப்போதே கிளம்ப வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிகிற வரைக்கும் சொன்னார்.

நான் உள்ளே வந்து, "கிளம்புதோம்" என்றேன்.

தம்பி சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முகம் வாடிப் போயிற்று. "சாப்பிடாமயா? இலை போட்டாச்சே மதினி. நாங்க ஏதும் குறை வச்சிட்டமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தபடி பேசினார்.

"இங்க பாருளா. சமைச்ச வீட்ல இருந்து சாப்பிடாம எந்திரிச்சா என்ன அர்த்தம்? சாத்தான்குளம் வரைக்கும் பேச்சாயிரும்."

"ஆகட்டும்."

"மலை எங்க போயிரப் போகுது?"

அதே வார்த்தை. டெல்லியில் ஆக்ராவுக்குச் சொன்ன அதே வார்த்தை. "மலை போகாது. என் முட்டு போயிரும்" என்றேன். அடுத்தவர் முன்னால் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நான் சமையலறைக்குப் போனேன்.

தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கும். என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "எனக்கு ஆபரேஷன் இருக்கும்மா. அப்புறம் ஏற முடியாது. நீ செஞ்சத நான் வேண்டாங்கல. ஒரு தூக்குல ஊத்திக் குடு, போற வழியில சாப்பிடுதோம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோ" என்றேன்.

அவள் பரணில் இருந்து அடுக்குக் கேரியரை எடுத்தாள். சோறு வைத்தாள், சொதி ஊற்றினாள், துவையலைத் தனியாக வைத்தாள். அப்பளத்தைக் காகிதத்தில் சுற்றினாள். மூடியை அழுத்திக்கொண்டே, "நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கேன் மதினி. நான் அத பாத்ததில்ல" என்றாள். "ஊர்ல இருந்து யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. சமைச்சிட்டே இருப்பேன்." பிறகு அறைக்குள் போய் அவளுடைய கம்பளி உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். "நல்லா பாத்துட்டு வாங்க" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் அந்த மலையைப் பார்த்துவிடு என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவும் செய்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காரில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் தாண்டும் வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வயல், வயல், கரும்பு, மறுபடி வயல். மற்ற நாளாக இருந்தால் அந்த ஊர்க்காரன் தண்ணீரை எப்படித் திருப்பியிருக்கிறான் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவார். சமாதானம் பேச எனக்கும் மனமில்லை. நான் கேட்டது பெரிய காரியமில்லை, கேட்டதும் இன்று நேற்றில்லை.

மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் மழை பிடித்தது. டிரைவர் ஒரு பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அங்கே கிடந்த பெஞ்சில் கேரியரைப் பிரித்தேன். டிரைவருக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். இவருக்கு வைத்தேன். முறுக்கிக்கொண்டு முதல் உருண்டையை எடுத்தார். இரண்டாம் தடவை தானாகவே தட்டை நீட்டினார். "சொதி நல்லாருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம், அந்தப் பிள்ள" என்றார். தம்பியைச் சொன்னாரா, அவர் மனைவியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. டிரைவர் துவையலை நக்கிவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். மழை விட்டதும் கிளம்பினோம்.

விடுதியில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தார்கள், சுடுதண்ணீர் எங்கே என்று காட்டினார்கள், போய்விட்டார்கள். பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்காதது அவருக்கு என்னவோ போல் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கோ கை காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடினேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

காலையில் வெளிச்சம் வந்த பிறகு விடுதியில் இருந்து ஜீப்பில் எரிமலையின் அடிவாரத்துக்கு இறங்கினோம். மலைக்கு முன்னால் ஒரு பெரிய சாம்பல் வெளி. புல் பூண்டு இல்லை. வண்டி ஓட ஓட அந்தச் சாம்பல் எழுந்து எங்கள் மேல் எல்லாம் படிந்தது. ஜீப் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரை. படி ஏறுவதற்காகக் காலைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதால் நான் குதிரை கேட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷூ காலோடு, இரண்டு பேர் ஏற்றிவிட ஏறி உட்கார்ந்தேன். இவரையும் ஏறச் சொன்னேன். "நம்ம குடும்பத்துல எவனும் குதிரையில போனதில்ல" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தார். சாம்பலில் ஒவ்வொரு அடியும் புதைந்தது. குதிரைக்குச் சமமாக நடந்து காட்ட வேண்டும் என்று வேறு வேகமாக நடந்தார். படி தொடங்குகிற இடத்துக்கு வரும்போது அவருக்கு மூச்சு முட்டியிருந்தது.

படியில் கால் வைத்தோம். செங்குத்தான படி, ஒரு பக்கம் கைப்பிடி. இடது காலை வைத்தேன், வலது காலை இழுத்தேன். முட்டுக்குள் யாரோ ஊசி ஏற்றுகிற மாதிரி இருந்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இளவட்டங்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். பாதிக்கு மேல் வந்திருப்போம், இவர் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. காலுதான் வரமாட்டேங்கு. கொஞ்சம் இருந்தா சரியாயிரும்." தண்ணீர் குடித்தார். வெளுத்திருந்த முகத்துக்கு நிறம் திரும்பியது. பிறகு, "நீ போ. நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

நாங்கள் போன எந்த ஊரிலும் நான் தனியாக ஒரு தெரு தாண்டியதில்லை. அவர் முன்னால் போவார், நான் பின்னால் பையோடு போவேன். அவர் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தார். "பைய ஏறு" என்றார். ஏறினேன்.

மேலே விளிம்பு ஒற்றையடிப் பாதை அகலம்தான். தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தேன். சிவப்பு எங்கேயும் இல்லை. மஞ்சள் பாரித்த சரிவு கீழே கீழே இறங்கிப் போயிற்று. அடியில் ஒரு வாய். அதற்குள் இருந்து வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு, நிற்காமல், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கந்தக நெடியில் தொண்டை எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம். எந்தப் புத்தகமும் எனக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை. நானும் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. வெள்ளக் காலத்தில் மதகு அத்தனையையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் பாலத்தில் நிற்கிறவர்களுக்குக் காலில் ஒரு அதிர்வு வரும். அந்த இரைச்சல் பூமிக்குள் இருந்து, ஓய்வில்லாமல் கேட்டது. பிடித்திருந்த கட்டை நடுங்கியது. நான் அழுதேன். அழுகிறேன் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கணவரும் இல்லை, மகளும் இல்லை, முட்டும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

போதும் என்று தோன்றுகிற வரைக்கும் நின்றேன். பிறகு இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. ஒவ்வொரு படிக்கும் முட்டு அலறியது. அவர் விட்ட இடத்திலேயே இருந்தார். மூச்சு சீராகியிருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

"எப்படி இருக்கு? சொல்லேன்" என்றார்.

வாயைத் திறந்தேன். குறுக்குவெட்டு, குழாய், புகை என்று எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது. மூடிக்கொண்டேன்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"பாக்காதவங்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் காலம் போயிட்டு. இனிமே சொல்லுத வேலை கிடையாது. எந்திரிங்க, காட்டுதேன்."

அவர் என் காலைப் பார்த்தார். சேலைக்கு மேலாகவே தெரியும்படி வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "மறுபடியும் ஏறினா அந்தக் கால் என்னத்துக்காவும்?" என்றார்.

"மாத்தப் போற முட்டுதான. தேயட்டும்."

அவர் சிரிக்கவில்லை. மேலே புகையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். நான் காத்திருக்கவில்லை. திரும்பி, இடது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். வலது கால் வர மாட்டேன் என்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து வைத்தேன். இன்னொரு படி. பின்னால் அவர் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து வருகிற சத்தம் கேட்டது.